நெயில் பாலிஷ் வைத்த பெட்டிகள்

போர்ட் அகஸ்டா
18 ஜனவரி 1993

நெவில்,

மலர்வளையம் வந்தது. "ஆழ்ந்த அனுதாபங்களுடன்" என்று பூக்கடைக்காரியின் கையெழுத்தில் இருந்தது. கூடப் பிறந்த அக்காவுக்கு ஒரு வரி எழுதக்கூட கடைக்காரியின் கை வேண்டியிருந்ததா உனக்கு? மச்சான் சாவுக்குத் தம்பி ஏன் வரவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். ஜெரால்டனில் சிங்கி இறால் சீசன், படகுகளின் ரேடார் பழுது பார்க்க இவனை விட்டால் ஆளில்லை என்று சொல்லி வைத்தேன். ஒருவரும் நம்பவில்லை. ஹாம் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார்கள்.

உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் க்ளைவின் சாம்பல் சமையலறை அலமாரியில் இருக்கிறது, அதை என்ன செய்வது என்பதில் உன் பெயரும் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வளைகுடாவுல நாம கிழங்கான் மீன் பிடிக்கிற எடத்துல போட்டுடு. படகை நெவில் ஓட்டட்டும். நீ ஓட்டினா மணல்ல ஏத்திடுவ." உங்களுக்குள் பேச்சே இல்லாமல் போன பிறகு இதைச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் உன்னை இன்னும் கூப்பிடவில்லை. சுரங்கக் கம்பெனி ஆபீசில் அத்தனை பேர் முன்னால் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "இந்த ஆளு அரைகுறை. கணக்கு போடத் தெரியும், பெட்டி செய்யத் தெரியாது." நாம் மூன்று பேரும் சேர்ந்து நடத்திய பட்டறை அன்றைக்கே முடிந்துவிட்டது. சுரங்கத்துக்குப் போகும் போன் பேச்சைக் கோபுரம் கோபுரமாகத் தூக்கிவிட நாம் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள் குளிர்கால விடியலில் மட்டும் ஏன் செத்துப் போயின, வெயில் ஏறியதும் ஏன் பிழைத்துக்கொண்டன என்று க்ளைவ் கடைசிவரை தேடினார். கிடைக்கவில்லை. தான் அரைகுறை என்று நம்பிக்கொண்டேதான் செத்தார்.

அவர் வைத்துக் கிண்டிக்கொண்டிருந்த பெட்டியை ரயில் பார்சலில் அனுப்புகிறேன். ஏன் கெட்டது என்று கண்டுபிடித்துச் சொல். அவர் தப்பு என்றால் தப்பு என்று எழுது, தாங்கிக்கொள்வேன். இல்லையென்றால் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடு. படகு யார் ஓட்டுவது என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

வெர்னா


ஜெரால்டன்
2 பிப்ரவரி 1993

வெர்னா அக்கா,

பெட்டி வந்தது. சாக்கு, செய்தித்தாள், அதற்கு மேல் உன் பழைய குளியல் துண்டு என்று சுற்றியிருந்தாய். பிரிக்கவே அரை மணி நேரம் ஆனது.

சாவுக்கு வராததைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அது சாக்காகத்தான் இருக்கும், அதனால் எழுதவில்லை. டிக்கெட் எடுத்திருந்தேன் என்று மட்டும் தெரிந்துகொள். பெர்த் வரைக்கும் வந்து திரும்பினேன்.

நான் இங்கே செய்கிற வேலை க்ளைவின் வேலைக்கு நேர் எதிர். படகு ரேடாருக்குள் இருக்கும் குழாய் கத்துவதற்கென்றே பிறந்தது. கத்தாவிட்டால் படகுக்காரன் என்னைக் கூப்பிடுவான், நான் போய்க் கத்த வைத்துவிட்டு வருவேன். ஆம்ப்ளிஃபயர் அப்படி இல்லை. உள்ளே வருகிற சத்தத்தைப் பெரிதாக்கித் தர வேண்டுமே தவிர, தானாக வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தன் கத்தலிலேயே மூழ்கி, வருகிற பேச்சைக் கேட்காது. சுரங்கத்துக்காரர்களின் போன் செத்தது அதனால்தான், அது அன்றைக்கே நம் மூன்று பேருக்கும் தெரியும். ஏன் வாயைத் திறந்தது என்பதுதான் தெரியவில்லை.

சத்தம் உள்ளே போகிற வாசல், வெளியே வருகிற வாசல், பெட்டியின் இரண்டு வாசலிலும் கருவியை மாட்டி அளந்தேன். க்ளைவ் சாமி மாதிரி கும்பிடுவானே, அந்த நிலைப்பு எண், அதைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு மேல் இருந்தால் வாசலில் எதைக் கொண்டுவந்து மாட்டினாலும் பெட்டி சும்மா இருக்கும் என்பது கணக்கு. எல்லா இடத்திலும் ஒன்றுக்கு மேல்தான் இருக்கிறது. அவன் கணக்கு சரி. பெட்டியும் என் மேசையில் பூனைக்குட்டி மாதிரி கிடக்கிறது. இங்கே பட்டறைக்குள் நாற்பது டிகிரி, தெற்குக் காற்று வேறு மணலை வாரிக் கொட்டுகிறது.

ஆக, எனக்கும் தெரியவில்லை. மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து படகு ஞாபகமாகவே இருக்கிறது. நான் பின்னால் மோட்டார் பக்கம், அவன் முன்னால் மூக்குப் பக்கம், நீ நடுவில் சுடச்சுடக் கறி பேஸ்டிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு. கை நீட்டினால் தொடுகிற தூரம். அதிலும் அவன் நேராக என்னிடம் பேச மாட்டான். "வெர்னா, உன் தம்பிகிட்ட மோட்டாரை அணைக்கச் சொல்லு." நான், "உன் புருஷன்கிட்ட நங்கூரம் போடச் சொல்லு, அணைக்கிறேன்." அன்றைக்கு அது தமாஷாக இருந்தது.

நெவில்


போர்ட் அகஸ்டா
11 பிப்ரவரி 1993

நெவில்,

உனக்கு மூளை வெயிலில் உருகிவிட்டதா? குளிரில் கெடுகிற பெட்டியை நாற்பது டிகிரியில் வைத்துப் பார்த்துவிட்டு, பூனைக்குட்டி என்கிறாய். ஃப்ரிட்ஜில் வை. க்ளைவ் அங்கேதான் வைத்திருந்தார், வெண்ணெய்க்கும் பாலுக்கும் நடுவில். கதவு இடுக்கு வழியாக ஒயரை வெளியே இழுத்து, அது கத்துகிறதா என்று தெரிய ஒரு சின்ன ஸ்பீக்கரையும் மாட்டியிருந்தார். இரண்டு வருஷம் அந்தக் கிரீச் சத்தத்தோடுதான் நான் முட்டை பொரித்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் ஃப்ரிட்ஜுக்குள் கோழி இருக்கிறதா என்று கேட்டார்கள்.

உடம்பு ரொம்ப மோசமான பிறகு அவருக்கு வேலை செய்ய முடியவில்லை. மூடியைக் கழற்றிய பெட்டியை ஐஸ் பையின் மேல் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடுவில் ஒரு இடத்தில் விரலை வைப்பார், சத்தம் நின்றுவிடும். எடுப்பார், கத்தும். குழந்தை மாதிரி சிரிப்பார். "விரலை வெச்சா சும்மா இருக்குது, வெர்னா. எடுத்தா அழுவுது." மருந்து மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நெவிலைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். ஒருமுறை இல்லை, பலமுறை. "வேணாம். மொதல்ல நான் கண்டுபிடிக்கிறேன். அப்புறம் நானே போன் போட்டு, என்ன மச்சான், யாரு அரைகுறைன்னு கேக்குறேன்." அந்தப் போனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நீ முதலில் என்ன சொல்வாய், அதற்கு அவர் என்ன சொல்வார் என்று இரண்டு குரலிலும் பேசிக் காட்டுவார்.

ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்துவிட்டு எழுது.

வெர்னா


ஜெரால்டன்
1 மார்ச் 1993

அன்புள்ள வெர்னா,

பெட்டியைக் குளிர வைத்துப் பார்த்தேன். நீ சொன்னபடி கத்தியது. காரணமும் கிடைத்துவிட்டது. அந்த வருஷம் நமக்கு விற்றவர்கள் அனுப்பிய டிரான்சிஸ்டர்களே மட்டமான சரக்கு. குளிர் பட்டால் தாங்காத ரகம். இதை யாராலும் முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியாது. க்ளைவ் மிகவும் திறமையான பொறியாளர். அவருடைய வடிவமைப்பில் ஒரு குறையும் இல்லை. நான் அன்று அவரைப் பற்றிச் சொன்ன வார்த்தையை முழுமனதுடன் திரும்பப் பெறுகிறேன்.

உன் மனம் இனி அமைதி அடையும் என்று நம்புகிறேன். ஈஸ்டருக்கு வரட்டுமா?

அன்புடன்
நெவில்


போர்ட் அகஸ்டா
9 மார்ச் 1993

அடே பொய்யா,

க்ளைவை நீ என்றைக்கு "அவர்" என்று சொல்லியிருக்கிறாய்? எங்கள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டே "இவன் என் அக்காவுக்குத் தகுதியில்லை" என்றவன் நீ. போன மாதக் கடிதத்தில்கூட அவன் இவன் என்றுதான் இருந்தது. இப்போது "அவர்", "திறமையான பொறியாளர்", "முழுமனதுடன்". மலர்வளையத்தில் எழுதிய கடைக்காரியை மறுபடியும் கூப்பிட்டாயா என்று நினைத்தேன். நீ எதையோ கண்டுபிடித்துவிட்டாய், அது எனக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறாய்.

சரக்கு மட்டமா? அந்தப் பெட்டிகளுக்குள் பூதக்கண்ணாடி வைத்து ஈயம் வைத்தவள் நான். ஒன்பது வருஷம். ஒரே அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த டிரான்சிஸ்டர்கள்தான் எல்லாவற்றிலும் இருக்கின்றன. மட்டம் என்றால் எல்லாம் அல்லவா கெட்டிருக்க வேண்டும்?

நேற்று கொட்டகையில் போய், சுரங்கத்துக்காரர்கள் திருப்பி அனுப்பியதையெல்லாம் கீழே இறக்கினேன். ஒன்று கவனித்தேன். நான் ஒரு பெட்டியை முடித்ததும், திருகு நகராமல் இருக்க அதன் தலையில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைப்பேன், உனக்கே தெரியும். சிவப்பு. உதட்டுச் சாயம் வாங்கக் காசில்லாவிட்டாலும் பெட்டிகளுக்குப் பாலிஷ் வாங்குகிறாய் என்று நீயே கிண்டல் செய்வாய். திரும்பி வந்த பெட்டி ஒன்றில்கூட அந்தச் சிவப்பு இல்லை. எல்லாம் அம்மா படுக்கையில் கிடந்த அந்த நாலு மாதம் நான் மூன்டாவில் இருந்தபோது க்ளைவ் தானே உட்கார்ந்து முடித்தவை. என் கைப்பட்டது ஒன்றும் கெடவில்லை. விற்காமல் மிஞ்சிய ஒன்று இருந்தது, அதையும் ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை.

இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதில் இரண்டு டிரான்சிஸ்டருக்கும் நடுவில் சர்க்கரை மணி அளவு ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. அவருடையதில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

அவர் விரல் வைத்த இடம் அதுதான் நெவில்.

அது என்ன, எதற்கு, ஏன் இல்லை, மூன்றையும் எழுது. எனக்கு அறுபது வயதாகப் போகிறது, அம்மாவையும் புருஷனையும் பறிகொடுத்தவளிடம் சர்க்கரை தடவிக் கொடுக்காதே.

வெர்னா


ஜெரால்டன்
20 மார்ச் 1993

அக்கா,

சரி. உன்னிடம் என் பொய் என்றைக்கு எடுபட்டது?

பெரிய சுமை என்பதால் ஒரு டிரான்சிஸ்டருக்குப் பதில் இரண்டைச் சேர்த்துப் போட்டோம். இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் உலகத்தில் எந்த இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. குளிர் வந்தால் இரண்டுக்கும் துடிப்பு அதிகமாகும். அப்போது ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்க, இது இறங்கும்போது அது ஏற, தங்களுக்குள்ளேயே இழுபறி தொடங்கிவிடும். வெளியே வருகிற இடத்தில் இதன் ஏற்றமும் அதன் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். வாசலில் நிற்பவனுக்கு வீடு அமைதியாகத்தான் இருக்கும். உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் தட்டை உடைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஸ்பீக்கரில் கேட்டது, கதவிடுக்கு வழியாகக் கசிந்த கொஞ்சம்தான்.

க்ளைவின் நிலைப்பு எண் வாசலில் நின்று கேட்கிற கேள்வி. அதற்கு வந்த பதில் சரியான பதில். ஆனால் அந்தக் கேள்வி கேட்பதற்கு முன்னால், உள்ளே எல்லாம் ஏற்கெனவே சும்மா இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். புத்தகத்தில் அது அடியில் பொடி எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். யாரும் படிக்க மாட்டோம்.

அந்த ரெசிஸ்டர் அதற்குத்தான். இரண்டும் ஒன்றாகப் போகும்வரை அதன் இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருக்கும், அதற்குள் எதுவும் ஓடாது. அது அங்கே இருப்பதே தெரியாது. இரண்டும் முறைத்துக்கொண்டால் மட்டும் அந்தச் சண்டை முழுக்க அதன் வழியாகப் போகும். அது சூடாகும், சண்டை அடங்கும். க்ளைவின் விரல் செய்ததும் அதே வேலைதான்.

ஏன் இல்லை என்று கேட்டாய். இதைத்தான் மறைக்கப் பார்த்தேன். க்ளைவ்தான் எடுத்தான். கணக்கில் இரண்டு டிரான்சிஸ்டரும் ஒன்று என்றே எழுதுவோம், அப்படி எழுதினால் அந்த ரெசிஸ்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை மாறாது. காரணம் இல்லாத எதையும் அவன் பெட்டிக்குள் விட மாட்டான் என்று உனக்குத் தெரியும். படத்தில் அதை வரைந்தவன் நான். எனக்கும் பெரிய காரணம் தெரியாது, முன்னால் வேலை பார்த்த இடத்தில் எப்போதும் போடுவார்கள், நானும் போட்டேன். "இது எதுக்குடா இங்க சும்மா உக்காந்திருக்கு?" என்று அவன் என்னிடம் கேட்டிருப்பான். நானும் யோசித்திருப்பேன், தேடியிருப்பேன். ஆனால் நீ மூன்டா போன முதல் வாரமே தேநீர் யார் போடுவது என்று ஆரம்பித்து, ரேடியோவில் கிரிக்கெட்டா குதிரைப் பந்தயமா என்று வளர்ந்து, பேச்சு நின்றுவிட்டது. ஒரே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் மூடி போட்டுக் கொடுத்ததை நான் வாசலில் அளந்தேன், சரி என்று சீட்டு ஒட்டி அனுப்பினேன். நீ வாரக் கடைசியில் போன் செய்யும்போது இரண்டு பேருமே எல்லாம் நன்றாகப் போகிறது என்றோம்.

அவன் அரைகுறை இல்லை அக்கா. அரைகுறையாக இருந்திருந்தால் என்னைப் போல ஏன் எதற்கு என்று கேட்காமல் போட்டுவிட்டுப் போயிருப்பான். நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஆனால் தப்புதான், அதை நான் மாற்றி எழுத முடியாது.

என்னால் தாங்க முடியாதது வேறு. விரலை நடுவில் வைத்தால் நிற்கிறது என்று அவன் என்னிடம் சொல்லியிருந்தால், அந்த வாக்கியம் முடிவதற்குள் எனக்குப் புரிந்திருக்கும். விடை அவன் விரல் நுனியில் இருந்தது. அதற்குப் பெயர் மட்டும்தான் வேண்டியிருந்தது, அது என்னிடம் இருந்தது. அவன் முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று இருந்தான். நான் அவன் கூப்பிட்டால் பேசலாம் என்று இருந்தேன்.

நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இந்த முறை கடைக்காரி இல்லை, நான்.

பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். சரி செய்யவில்லை. அதை நீதான் செய்ய வேண்டும்.

நெவில்


போர்ட் அகஸ்டா
30 மார்ச் 1993

நெவில்,

உன் கடிதத்தை முதலில் நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது முறை படிக்க முடியவில்லை.

வார்த்தையைத் திரும்ப எடுத்துவிட்டாய், நன்றி. அதைக் கேட்க வேண்டிய காது இல்லை. எனக்காக எழுதினாய் என்று தெரியும், ஆனால் அது எனக்குச் சொன்ன வார்த்தை இல்லையே. நான் நேற்று அலமாரியைத் திறந்து, உன் கடிதத்தில் அந்தப் பகுதியை மட்டும் அவருக்குச் சத்தமாகப் படித்தேன். அடுத்த வீட்டு மாவிஸ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

அவர் தப்பு என்று தெரிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. என்னவென்றே தெரியாமல் இருந்ததுதான் அவரைத் தின்றது. பெயர் தெரிந்திருந்தால் ஒரு நாள் முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பார், மறுநாள் சரி செய்துவிட்டுத் தூண்டிலை எடுத்திருப்பார்.

எனக்கு வேறு ஒரு கோபம் இருக்கிறது, அது யார் மேல் என்று தெரியவில்லை. பட்டறையில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால், ஈயம் வைப்பேன், தேநீர் போடுவேன், இவர் சொன்னதை அவனுக்கும் அவன் சொன்னதை இவருக்கும் சொல்வேன் என்பேன். சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மூன்டாவுக்குத் துணிமணி எடுத்து வைக்கும்போது க்ளைவ், "போய்ட்டு வா, இங்க உனக்கு என்ன பெரிய வேலை இருக்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அம்மாவை விட்டுவிட்டு நான் இருந்திருக்கவும் முடியாது. ஆனாலும் அந்த நாலு மாதத்தை நினைத்து நினைத்து மனசு ஆறவில்லை. நடுவில் இருந்த என்னைப் பற்றி நீ நாசூக்காக எழுதாமல் விட்டது எனக்குப் புரிந்துவிட்டது, இனிமேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அந்த ரெசிஸ்டர்கள் இன்னும் பழைய வெஜிமைட் ஜாடியில் இருந்தன. சமையல் மேசையில் விளக்கை இழுத்து வைத்து, ஒன்றை எடுத்து வைத்தேன். முதல் இரண்டு இடுக்கியிலிருந்து தெறித்துப் போய்விட்டன, தரையில் எங்கேயோ கிடக்கும். மூன்றாவது உட்கார்ந்தது. மூடியைப் போட்டுத் திருகி, ஒரு பொட்டு சிவப்பு வைத்தேன். அந்தப் பாட்டில் காய்ந்து போயிருந்தது, அதற்காக மருந்துக்கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கினேன். "எங்கயாவது விசேஷமா, மிசஸ் பெங்கில்லி?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெண்ணெய்க்கும் பாலுக்கும் நடுவில், அதே இடம். ஸ்பீக்கரில் ஒன்றுமே வரவில்லை. காதை வைத்துக் கேட்டேன். அவர் அத்தனை ஏங்கிய அமைதி இதுதான். எனக்குப் பிடிக்கவில்லை நெவில். அந்தக் கிரீச் சத்தம் இருந்தவரை வீட்டில் யாரோ வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று இருந்தது. நான் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டேன்.

ஈஸ்டருக்கு வா. சனிக்கிழமை விடியலிலேயே போய்விடலாம், அந்த நேரத்தில் காற்று இருக்காது. நீலப் படகைக் கழுவி வைத்திருக்கிறேன், மோட்டாரை நீ வந்து பார். பேஸ்டி செய்கிறேன், உனக்கு டர்னிப் கிழங்கு போட்டது, அவருக்குப் பிடித்த மாதிரி டர்னிப் இல்லாமலும் ஒன்று.

நீ பின்னால் மோட்டார் பக்கம் உட்கார். க்ளைவை மூக்குப் பக்கம் வைத்துவிடலாம். நான் நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல், நான் சொல்லிவிடுகிறேன்.

வெர்னா